பாதைக்குக் கீழே நின்று பார்த்த கோச்சி

இலங்கை மலையக ரயில் பாதையை வீட்டு அறைக்குள் சிறிதாகக் கட்டிப் பார்க்க ஆசைப்பட்டு யாராவது யோசனை கேட்டால், ஒன்பது வளைவுப் பாலத்தை மறந்துவிடுங்கள் என்பதுதான் என் முதல் பதில். கேட்டவரின் முகம் சுருங்கிவிடும். வந்தவர் மனதில் இருந்ததே அந்தப் பாலம்தானே. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழுந்து நிற்கும் அந்தப் பாலம் ஏறத்தாழ 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். எச்.ஓ. அளவில், அதாவது எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கினால், நீளம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். உயரம் 28 சென்ரிமீட்டர் வரும். கட்ட முடியாத அளவு அல்ல. அட்டையை வெட்டி, வளைவுகளுக்குப் பிளாஸ்டிக் குழாயைப் பிளந்து ஒட்டினால் பாலம் நிமிர்ந்து நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் சிக்கல். பாலத்தின் இரு முனையிலும் மலை வேண்டும், காடு வேண்டும், தேயிலை வேண்டும். அந்த மண் உங்களுக்குத் தெரியாது. ஒரு விடுமுறை நாளில் கூட்டத்தோடு நின்று செல்போனில் எடுத்த படம்தான் கையில் இருக்கும். படத்தைப் பார்த்துக் கட்டியது படமாகவே நின்றுவிடும்.

நான் கேட்பது வேறு கேள்வி. சிறுபிள்ளையாக இருந்தபோது கோச்சியை (ரயிலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) எங்கே நின்று பார்த்தீர்கள்? கடவையிலா, பள்ளிக்கூட மதிலிலா, ஸ்டேசன் மேடையிலா? பாதைக்கு மேலேயா, கீழேயா? அதைச் சொல்லிவிட்டால் மேசையின் உயரம், வளைவின் திசை, வாங்க வேண்டிய பலகை வரைக்கும் கணக்குப் போட்டுவிடலாம். வெளிநாட்டு வழிகாட்டிகள் தண்டவாளத்தை முதலில் வரையச் சொல்கின்றன. தட்டையான நாட்டில் அது சரியாக இருக்கலாம். இங்கே மலைதான் முதலில் வந்தது. மலை விட்டுக்கொடுத்த இடத்தில்தான் பாதை போனது.

என் இடம் வட்டகொடைக்கு அருகில். தலவாக்கலையிலிருந்து ஏறும் பாதை வட்டகொடையைத் தாண்டி கிரேட் வெஸ்டர்ன், ரதெல்ல வழியாக நானுஓயாவுக்குப் போகிறது. 1885இல் நானுஓயா வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. எங்கள் லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, பாதைக்குக் கீழே இருந்தது. வாசலில் நின்று நிமிர்ந்தால் முதலில் கான் (வடிகால்), பிறகு ஒரு துண்டுத் தேயிலை, அதற்கு மேல் கருங்கல் கட்டு, கட்டின் உச்சியில் தண்டவாளம். ஆகவே கோச்சியின் சக்கரங்களை நான் நன்றாக அறிவேன். அதன் கூரையைப் பார்த்ததே இல்லை. யன்னலோரம் இருப்பவர்களின் முகம் மட்டும் தெரியும், கையை அசைத்தால் சிலர் திருப்பி அசைப்பார்கள். பெரியவனான பிறகு மாதிரி ரயில் படங்களைப் பார்த்தபோது ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. எல்லாப் படமும் மேலே நின்று எடுத்தது. கூரை கூரையாகத் தெரிந்தது. அந்த ரயில் துரை பங்களாவிலிருந்து பார்த்த ரயில், லயத்திலிருந்து பார்த்ததல்ல.

இன்னொன்று, மலைப் பாதையில் கோச்சியைப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டும். தலவாக்கலைப் பக்கத்தில் சத்தம் எழும்பும். ஒரு மலைத் திருப்பத்தில் அடியோடு நின்றுவிடும். வராதோ என்று நினைக்கும்போது வேறொரு வெட்டுக்குள்ளிருந்து திரும்பக் கேட்கும். அந்த இடைவெளியில்தான் எங்கள் பந்தயம் நடக்கும். வருவது கனடா எஞ்சினா, ஜேர்மன் எஞ்சினா? கனடா எஞ்சின் என்று நாங்கள் சொன்னது எம்2 வகுப்பை. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த அந்த எஞ்சின்கள் 1954 முதல் இங்கே ஓடுகின்றன. கனடாவின் மாகாணப் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டியிருந்தார்கள். 569 ஒன்டாரியோ, 570 அல்பேர்ட்டா. ஜேர்மன் எஞ்சின் எம்6. அது 1979இல் வந்தது, எங்களுக்குப் புத்தம் புதிது. கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எண்ணையும் பெயரையும் நாளையும் எழுதி வைப்பேன். புவியியல் பாடத்தில் கனடாவின் மாகாணங்களைக் கேட்டபோது வகுப்பில் கையை உயர்த்தியவன் நான் ஒருவன்தான். நம் ஊர் ஆட்கள் இத்தனை பேர் பிறகு ஒன்டாரியோவிலேயே குடியேறுவார்கள் என்று அப்போது யார் கண்டது.

பெரியவர்களுக்கு எஞ்சின் எண்ணில் அக்கறை இல்லை. அவர்களுக்குக் கோச்சி கடிகாரம். உடரட்ட மெனிக்கேயும் பொடி மெனிக்கேயும் மலையில் நிற்கும் பெண்களுக்குப் பொழுதைச் சொல்லிவிட்டுப் போகும். பி.டி. ராம்பல ரயில்வேயின் பொது முகாமையாளராக இருந்த காலத்தில்தான் யாழ்தேவி, உடரட்ட மெனிக்கே என்று ரயில்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் வேரூன்றியது. எண்ணை விடப் பெயர் ஒட்டிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. "மெனிக்கே ஏறிவிட்டாள், இன்னும் கூடை நிறையவில்லையே" என்று அம்மா தன்னைத்தானே திட்டிக்கொள்வார்.

எல்லாக் கோச்சியும் அப்படி இல்லை. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் மலையக ஸ்டேசன்களிலிருந்துதான் தலைமன்னாருக்கு ரயில் ஏறினார்கள். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். 1984இல் கப்பல் நின்றுபோகும் வரைக்கும் அந்தப் பயணம் தொடர்ந்தது. எங்கள் லயத்தில் ஒரு குடும்பம் போனபோது வழியனுப்ப எல்லோரும் ஸ்டேசனுக்குப் போனோம். தகரப் பெட்டிகள், சாக்கு மூட்டைகள், கட்டிப்பிடித்து அழுகிற பெண்கள், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிற ஆண்கள். அன்றைக்கும் நான் எஞ்சின் எண்ணை எழுதினேன். கண்ணீரோடு எழுதினேன் என்று சொன்னால் பொய். அதுவரை என் கொப்பியில் இல்லாத எண் என்பதால் சந்தோஷமாகவே எழுதினேன். மறுநாள் பந்தயம் கட்ட ஆள் குறைந்தபோதுதான் நடந்தது விளங்கியது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாதிரி கட்டத் தொடங்கும்போது காலத்தைத் தீர்மானிக்க வேண்டும். வேண்டியதை எல்லாம் வாங்கிக் கலந்து வைத்தால் கடைக் கண்ணாடி அலுமாரி வரும், இடம் வராது. நான் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளை எடுத்துக்கொண்டேன். அப்படியானால் 2012இல் சீனாவிலிருந்து வந்த நீல நிற எஸ்12 ரயிலுக்கு இங்கே இடம் இல்லை. என் தங்கச்சியின் மகனுக்கு அந்த நீல ரயில்தான் ரயில். அவன் பிறந்த பிறகு பார்த்தது அதைத்தான். சண்டை வந்தது. கடைசியில் மேடையில் நிற்கும் ஆட்களையும் சாமான்களையும் மட்டும் கழற்றி மாற்றக்கூடியதாக ஒரு தகட்டில் ஒட்டினேன். அவன் வரும் நாளில் தகரப் பெட்டித் தகட்டை எடுத்துவிட்டு, முதுகுப் பை போட்ட சுற்றுலாக்காரர்கள் நிற்கும் தகட்டை வைக்கிறோம். ஒரே மலை, ஒரே பாதை, இரண்டு காலம். இந்த ஏற்பாட்டைப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குத் தயங்காமல் சொல்வேன்.

மேசையைத் தச்சரிடம் சொன்னால் அவர் சாப்பாட்டு மேசை உயரத்துக்கே செய்து தருவார். வேண்டாம். கதிரையில் உட்கார்ந்தால் பெரியவர் ஒருவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டரில் இருக்கும். என் தண்டவாளம் 1.3 மீட்டரில் ஓடுகிறது. சுவரில் இரும்புத் தாங்கிகள் அடித்து அதன் மேல் பலகை. உட்கார்ந்தால் பழையபடி கோச்சி தலைக்கு மேலே போகும். வேலை செய்ய வேண்டுமானால் எழுந்து நிற்கலாம், முதுகு வளையத் தேவையில்லை. தரையிலிருந்து ஏறும் ஈரம் பலகையைத் தொடாது, பூனையும் யோசித்துத்தான் ஏறும். எட்டுக்கு நாலு அடி ஒட்டுப் பலகை ஒன்றை நீளவாக்கில் அறுத்தால் எட்டு அடி நீளப் பட்டைகள் கிடைக்கும். ஒரு பட்டை காட்சிக்கு. அதன் இரு முனையிலும், மலையின் மறைவில், நாலடி நீளத்தில் ஒவ்வொரு தட்டு. அந்தத் தட்டுகள் பக்கவாட்டில் நகரும். ஒவ்வொன்றிலும் சில தண்டவாளங்கள் இணையாகக் கிடக்கும், ஒவ்வொரு தண்டவாளத்திலும் ஒரு முழு ரயில் காத்திருக்கும். எஞ்சினும் நாலு பெட்டிகளும் சேர்ந்து எச்.ஓ. அளவில் ஏறத்தாழ 1.1 மீட்டர் வரும் என்பதால் நாலடி போதும். அறை சிறிதாக இருந்தால் மூலையில் மடித்து ஒரு பக்கத் தட்டை அடுத்த சுவருக்குக் கொண்டுபோங்கள்.

வட்டம் போட்டுச் சுற்றி ஓட விடக் கூடாதா என்று கேட்பார்கள். விடலாம், ஆனால் அது திரும்பத் திரும்ப அதே கோச்சி. எனக்கு வேண்டியது வருவதும் போவதும். போனபின் வெறும் தண்டவாளமும்.

இப்போது அகலத்தின் கதை. நம் பாதை அகலப் பாதை. இரு தண்டவாளங்களுக்கிடையில் 1676 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர், அது 1435 மில்லிமீட்டர் கொண்ட ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைக்கு உரியது. நம் பாதையை நேர்மையாகச் சுருக்கினால் 19.2 மில்லிமீட்டர் வேண்டும். அதைக் கையால் அமைத்து, எஞ்சினின் அச்சுகளையும் மாற்றிக் கட்டுகிற பொறுமைசாலிகளை வணங்குகிறேன். என்னால் ஆகாது, ஆரம்பிக்கிறவர்களுக்கும் சொல்ல மாட்டேன். குறை எங்கே தெரியும் என்று பாருங்கள்: நேர் முன்னால் நின்று பார்த்தால் தெரியும், மேலேயிருந்து பார்த்தால் தெரியும். கீழேயிருந்து பக்கவாட்டில் பார்த்தால் முன் தண்டவாளம் பின்னதை மறைத்துவிடும். லயத்து வாசல் எனக்கு இந்த விதத்திலும் உதவியது. கூடவே ஒரு சின்ன வேலை: கடைத் தண்டவாளத்தில் சிலிப்பர் கட்டைகள் நெருக்கமாக இருக்கும். இணைப்பை வெட்டி இடைவெளியைக் கொஞ்சம் விரித்துப் போட்டால் அகலப் பாதையின் சாயல் வந்துவிடுகிறது.

வளைவுகளைப் பற்றி மனச்சாட்சியோடு பேசுவதானால், மலையகப் பாதையின் மிக இறுக்கமான வளைவுகள் ஐந்து சங்கிலி ஆரம் கொண்டவை, அதாவது நூறு மீட்டர். உலகத்தின் கண்ணுக்கு அது அசாத்திய வளைவு. அதையும் எச்.ஓ. அளவுக்குச் சுருக்கினால் 1.15 மீட்டர் ஆரம்; நம் அறையில் அதற்கு இடமில்லை. 60 சென்ரிமீட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு, வளைவின் ஒரு முனையை வெட்டுக்குள்ளும் மறு முனையை மரங்களுக்குள்ளும் ஒளித்துவிடுங்கள். முழு வளைவும் ஒரே பார்வையில் தெரியாவிட்டால் அதன் ஆரத்தை யாரும் அளக்க முடியாது.

ஏற்றத்துக்கு என் மச்சானைத்தான் உதாரணம் காட்ட வேண்டும். அவர் பண்டாரவளைக்காரர். தெமோதரையைத் தவிர வேறு எதையும் கட்ட மாட்டேன் என்று நின்றார். அங்கே பாதை ஸ்டேசனைக் கடந்து மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேசனுக்கு அடியிலுள்ள சுரங்கத்தால் போகிறது. பிறந்து வளர்ந்தவர் கேட்கிறார், மறுக்க முடியாது. கணக்கு அழகாக வந்தது. மேல் தண்டவாளத்துக்கும் கீழ் தண்டவாளத்துக்கும் இடையில் 8 சென்ரிமீட்டர் இருந்தால் ரயில் இடிக்காமல் போகும். மலையகப் பாதையின் கடுமையான ஏற்றம் 44க்கு 1. எட்டை 44ஆல் பெருக்கினால் 352 சென்ரிமீட்டர். அந்த நீளத்தை ஒரு வட்டமாக வளைத்தால் ஆரம் 56 சென்ரிமீட்டர். அசல் ஏற்றத்தையே வைத்துக்கொண்டு ஒரு நாலடிப் பலகைக்குள் தெமோதரை அடங்கிவிடுகிறது!

காகிதத்தில் அடங்கியது பலகையில் முரண்டு பிடித்தது. ஏற்றமும் வளைவும் சேர்ந்தால் எஞ்சினின் இழுவை பாதியாகத் தெரிகிறது. சமதரையில் ஆறு பெட்டி இழுப்பது அங்கே மூன்றோடு மூச்சு வாங்கும். மச்சான் எஞ்சினின் உள்ளே ஈயத் துண்டுகளை வைத்துப் பாரத்தைக் கூட்டினார். பெட்டிகளின் சக்கரங்களைத் தடையின்றி உருளும் உலோகச் சக்கரங்களாக மாற்றினார். பெட்டிகளில் பாரத்தைக் குறைத்தார். ஆனால் மிகவும் இலேசான பெட்டி வளைவில் உள்பக்கம் சாயும், ஆகவே எல்லாப் பெட்டியும் ஒரே பாரமாக இருப்பதைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். இன்னொரு விஷயம் கை நீளம். சுவரோடு ஒட்டிய பலகையில் 75 சென்ரிமீட்டருக்கு அப்பால் கை எட்டாது. விழுவது எப்போதும் அதற்கு அப்பால்தான் விழும். மச்சானின் பலகை அறையின் நடுவில், சக்கரம் பூட்டிய கால்களில் நிற்கிறது. அவர் மலையின் உச்சி ஒரு மூடி. தூக்கினால் சுரங்கத்துக்குள் கை போகும். சுரங்கம் கட்டுகிற எல்லோரும் இந்த மூடியைக் கட்டாயம் வையுங்கள், சுரங்கத்துக்குள் பாதை பிரியும் பொறியை மட்டும் வைக்காதீர்கள்.

மலைக்கு ரெஜிபோம், அதாவது சாமான்களைப் பொதி செய்யும் வெள்ளை நுரைப் பலகை, போதும். தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி விற்கும் கடைகளின் பின்புறம் சும்மா கிடைக்கும். மர வேலைக்கான வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். வீரியமான ரப்பர் பசையும் ஸ்பிரே பெயின்டும் அதைக் கரைத்துவிடும். அதன் மேல் செய்தித்தாள் கீற்றுகளைக் கோதுமை மாப் பசையில் தோய்த்து இரண்டு மூன்று அடுக்காக ஒட்டினால் மலையின் தோல் கிடைக்கும். நம் ஊர்க் குளிருக்கும் ஈரத்துக்கும் அந்தத் தோலில் பூஞ்சணம் பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். புத்தகம் கட்டுகிறவர்கள் செய்வது போல, பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்த்தால் பூஞ்சணமும் பூச்சியும் அண்டாது. அது நஞ்சு, காய்ச்சும் பாத்திரம் சமையலறைக்குத் திரும்பக் கூடாது, பிள்ளைகளை அந்த வேலைக்குக் கூட்டக் கூடாது, தண்டவாளத்தில் படவும் விடக் கூடாது. ஒட்டுப் பலகையை மேலே மட்டும் பூசினால் மழைக்காலத்தில் வளையும். இரு பக்கமும் நாலு ஓரமும் வார்னிஷ் காட்டிய பிறகே ஆணி அடியுங்கள்.

தேயிலைதான் என்னை அதிக நாள் பிடித்துவைத்த வேலை, குறை சொல்லவும் அதில்தான் ஆட்கள் அதிகம். தோட்டத்தில் பிறந்தவர்கள் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள். பச்சைத் துகளைத் தூவிவிட்டு மலை என்று சொல்ல முடியாது. இடுப்பளவுச் செடி எச்.ஓ. அளவில் ஒரு சென்ரிமீட்டர் உயரம் வரும். பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சைச் சிறு கட்டிகளாக வெட்டி, கடும் பச்சையில் தோய்த்துக் காயவைத்து, மேல்பக்கத்தில் மட்டும் இளம் பச்சையைத் தொட்டு எடுங்கள். அந்த இளம் பச்சைதான் கொழுந்து. ஒட்டிய பிறகு கத்தரிக்கோலால் மேல்மட்டத்தைச் சரிவுக்கு இணையாக வெட்ட வேண்டும். தரைக்கு இணையாக அல்ல. பழைய விதைத் தேயிலையில் செடிகள் முறையில்லாமல் பரந்து நிற்கும். கிளைத் துண்டை நட்டு வளர்த்த வீபீ தேயிலை மலையின் வளைவைப் பின்பற்றி வரிசை வரிசையாக ஓடும். என் பலகையில் கருங்கல் கட்டுக்குக் கீழே விதைத் தேயிலை, மேலே வீபீ. நடுநடுவே கான் வெட்டுங்கள், கொழுந்து எடுப்பவர் நடக்க இடம் விடுங்கள். ஒரு மூலையில் கவ்வாத்து வெட்டிய துண்டு ஒன்று வையுங்கள்: பச்சையே இல்லாமல் வெறும் குச்சிகள், பழுப்பு மண். அந்த ஒரு துண்டு இல்லாவிட்டால் மற்றப் பச்சை எல்லாம் பிளாஸ்டிக்காகத் தெரிகிறது.

லயத்துக் கூரைத் தகரத்துக்குப் பால்மாப் பைக்கற்றின் உட்பக்கத்து வெள்ளித்தாள். நெருக்கமான பற்களுள்ள சீப்பின் மேல் வைத்து நகத்தால் அழுத்தினால் நெளிவு விழும். துருவுக்குக் காவி நிறத்தை உலர்ந்த தூரிகையால் மேலிருந்து கீழாக இழுங்கள், மழைத் தண்ணீர் அந்தத் திசையில்தானே ஓடும். ஆட்களுக்கு வெளிநாட்டுப் பொம்மைகளே கதி. ஒரு சராசரி ஆள் 19 மில்லிமீட்டர். எல்லோரும் கோட்டுப் போட்டிருப்பார்கள். கோட்டைச் சுரண்டிவிட்டு, மெல்லிய டிஷ்யூத்தாளைப் பசையில் நனைத்துச் சுற்றினால் சேலை. கூடைப் பட்டை முதுகில் அல்ல, தலையில் மாட்டும் என்பதை மறந்த ஒரு மாதிரியை நான் பார்த்திருக்கிறேன். கட்டியவர் நகரத்துக்காரர், பாவம்.

வானம் நீலமாக இருந்தால் அது நம் மலை அல்ல. பின் சுவருக்கு அழுக்கு வெள்ளையோடு சாம்பல் கலந்து பூசுங்கள். தூரத்து மலைகள் பின்னால் போகப் போக வெளுத்து, கடைசி மலை வானத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்குப் போக வேண்டும். மூடுபனிக்குப் புகை இயந்திரம் வாங்காதீர்கள். அதன் எண்ணெய் தண்டவாளத்தில் படிந்து வாரக்கணக்கில் வேலை வைக்கும். தண்டவாளம் நிக்கல் சில்வரா என்று பார்த்து வாங்குங்கள். இரும்புத் தண்டவாளம் விலை குறைவு, நுவரெலியாக் குளிரில் துருப்பிடிப்பது நிச்சயம். துடைக்க ஐசோபுரொப்பைல் அல்ககோல் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் அழுக்குத் தங்கிவிடும். தண்டவாளத்தின் உள்விளிம்பில் மென்மையான 4பி பென்சிலை ஒருமுறை இழுத்தால் மின்சாரம் நன்றாகக் கடத்தும். ஏற்றத்தில் மட்டும் வேண்டாம், சக்கரம் வழுக்கும்.

எஞ்சினுக்கு அதிகம் அலைய வேண்டியதில்லை. நம் எம்2, உலகின் பல நாடுகளுக்கு ஏற்றுமதியான ஜி12 வகை. பிரேசிலின் ஃப்ராதெஸ்கி நிறுவனம் அதை எச்.ஓ. அளவில் செய்திருக்கிறது. நிறம் மாற்றி எண் எழுதினால் ஒன்டாரியோ தயார். சத்தம் வேண்டுமென்றால் டிசிசி முறையில் (தண்டவாளத்தின் வழியாக எஞ்சினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) ஓட்டும் சிறிய சத்தச் சில்லு ஒன்றை உள்ளே வைக்கலாம். எம்2இன் உள்ளே இருப்பது ஜெனரல் மோட்டார்ஸின் 12 சிலிண்டர் 567 இயந்திரம். அதே இயந்திரம் அமெரிக்க ஷன்டிங் எஞ்சின்கள் சிலவற்றிலும் உண்டு என்பதால், அவற்றுக்கான சத்தப் பதிவு நம் எஞ்சினுக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் நான் சில்லை எஞ்சினுக்குள் வைத்து அதன் சிறிய ஒலிபெருக்கியை நம்பவில்லை. மலைக்குள் மூன்று இடங்களில் சாதாரண ஒலிபெருக்கிகளைப் புதைத்து, ரயில் மறைவிலிருந்து வெளிவருவதற்கு முன்பே முதலில் ஒரு மூலையில் மெல்லியதாக, பிறகு நிசப்தம், பிறகு வெட்டுக்குள்ளிருந்து என்று வரச் செய்தேன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இதற்கான சாமான் எல்லாம் கிடைக்கிறது. கைகாட்டியை அசைக்கும் ஒன்பது கிராம் செர்வோ மோட்டாரும் அங்கேதான் வாங்கினேன்.

கைகாட்டி இருந்தால் டெப்லட்டும், அதாவது டிரைவருக்குப் பாதையில் போக அனுமதி தரும் வட்டத் தகடும், வேண்டும். ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேசன்களுக்கு இடையில் ஒரே நேரத்தில் ஒரு டெப்லட்தான் பெட்டியிலிருந்து வெளியே வர முடியும். அது கையில் இல்லாத டிரைவர் அந்தத் துண்டுக்குள் எஞ்சினைக் கொண்டுபோகக் கூடாது. தோல் பையில் அதைப் போட்டு, வளையத்தில் மாட்டி, ஓடும் எஞ்சினுக்கு நீட்டி மற்றதை வாங்கும் காட்சிக்காகவே நான் ஸ்டேசனில் கிடந்திருக்கிறேன். என் பலகையில் அது ஒரு பித்தளை வொஷர், ஒரு பக்கம் 'வட்டகொடை', மறுபக்கம் 'கிரேட் வெஸ்டர்ன்' என்று எழுதியது. ஒரு முனையில் நான், மறு முனையில் மருமகன். வொஷர் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ரயிலை அனுப்பலாம். "மாமா, லைன் கிளியரா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவன் கையை வைப்பான். இல்லை என்றால் காத்திருப்பான். செல்போனில் எதற்கும் காத்திருக்காத பிள்ளை. 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு இருந்தபோது எஞ்சினைக் கையால் தள்ளிக்கொண்டு இதையே விளையாடினோம், சட்டம் மாறவில்லை.

அடுத்தது நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குப் போன சிறிய பாதை. 1948க்குப் பிறகு அங்கே ரயில் ஓடவில்லை. அதன் அகலம் 762 மில்லிமீட்டர். எண்பத்தேழால் வகுத்தால் 8.76. சந்தையில் உள்ள 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஏறத்தாழ அப்படியே உட்கார்ந்துவிடும், அகலப் பாதையில் செய்த சமாளிப்பு எதுவும் தேவையில்லை. அந்தக் கோச்சியை நான் பார்க்கவில்லை. தாத்தா பார்த்தார், தேயிலைப் பெட்டிகளைத் தோளில் தூக்கி அதில் ஏற்றியவர் அவர். பெட்டி ஏற்றுகிறவன் வண்டியின் கதவுக்கு நேரே நிற்பான், பாதைக்குக் கீழே அல்ல. ஆகவே இந்தப் பலகையை 1.1 மீட்டருக்கு இறக்கித் தாங்கிகளை அடித்திருக்கிறேன்.